எண்ணெய் ஒழிந்த வீடு

பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் அவர் கிரீஸ்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசல் காவலரே "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வண்டி வந்து நிற்கும் நீளமான குழிக்குள் இறங்கி, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி நிற்பதுதான் அவர் வேலை. தலைக்கு மேலே பேருந்தின் அடிவயிறு. மூட்டுக்கு மூட்டு கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்துவார். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கருத்துக் கெட்டியாகப் பிதுங்கும். அதன் பின்னால் புதிய கிரீஸ் மஞ்சளாகத் தலைகாட்டும்வரை கையை எடுக்க மாட்டார். மற்றவர்கள் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர் தொட்ட வண்டியின் ஸ்டியரிங்கைக் குழந்தைகூடத் திருப்பலாம் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதவர்போல நடந்துகொள்வார். ஆனால் அன்று முழுக்க ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தக் குழிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்கிற ஆள் என்பதால், மேலே நின்ற மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்பானரை நீட்டியபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் என்று கம்பிவலைச் சுருள் ஒன்று வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் நடைவழியில் நின்றபடியே நாலு வார்த்தை சொன்னார். புகையை விடணும், நடக்கணும், எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்கணும், இரட்டை ஷிப்ட் வேண்டவே வேண்டாம். அவருக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். எந்தக் கொழுப்பு, எவ்வளவு, யாருக்கு என்றெல்லாம் கேட்க கிரீஸ்காரருக்கும் தோன்றவில்லை, சொல்ல மருத்துவருக்கும் நேரமில்லை.

அந்த ஆண்டு பணிமனையில் நெஞ்சு வலியில் விழுந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. சங்கம் இரண்டு கோரிக்கை வைத்தது. இரட்டை ஷிப்டை நிறுத்து. கேன்டீன் சமையலை மாற்று. கேன்டீனில் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் டின்னில் வரும் கெட்டிக் கொழுப்பைத்தான் வாங்கிப் போடுவார். காலையில் பொரித்த எண்ணெய் மாலையிலும் கொதிக்கும், மறுநாளும் கொதிக்கும், குறைந்ததை மட்டும் மேலே ஊற்றி நிரப்புவார்கள். சட்டியில் இருப்பது சமையல் எண்ணெயா, வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் ஆயிலா என்று பணிமனைக்காரர்களுக்கே சந்தேகம் வரும்.

நிர்வாகம் கோரிக்கையைப் பரிசீலித்தது. பரிசீலித்து, ஒரு பேச்சாளரை அழைத்து வந்தது. மனிதனை இரண்டு ஷிப்ட் வேலை வாங்கி, கருகிய கொழுப்பை அவன் தட்டில் போட்டு, அவன் விழுந்ததும் 'உன் நாக்கை நீ கட்டியிருக்க வேண்டும்' என்று அவனுக்கே புத்தி சொல்ல ஆள் வைப்பது எத்தனை சிக்கனமான ஏற்பாடு. ஷிப்டை மாற்றினால் செலவு. எண்ணெயை மாற்றினால் செலவு. பேச்சாளருக்கு ஒரு சால்வை போதும்.

வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பேச்சாளர் கெட்டிக்காரர். கேட்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். மேசைமேல் வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றை வைத்தார். உள்ளே கொழுப்பு உறைந்து, விரல் நுழையக்கூட இடமில்லாமல் அடைத்திருந்தது. உங்கள் ரத்தக்குழாயும் இப்படித்தான் என்றார். எண்ணெய் இல்லாத வாழ்க்கைதான் நோயில்லாத வாழ்க்கை, ஒரு சொட்டும் விஷம்தான் என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கெட்டிப்பட்ட கிரீஸ் குழாயை அடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த கிரீஸ்காரர், "சுரண்டி எடுத்துச் சுத்தம் பண்ணுவோம்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அவருடைய வாழ்க்கையில் மேடைக்கு முன்னால் அவருக்காக விழுந்த முதல் கைதட்டல் அது. சுரண்டி எடுத்த பிறகு புது கிரீஸ் அடைக்காமல் எந்த வண்டியையாவது அவர் குழியை விட்டு வெளியே விட்டிருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பயம் பிடித்த மூளைக்குப் பாதிக் கணக்கு போதும்.

அன்று மாலையே வீட்டிலிருந்த எண்ணெய் டப்பாவைத் தூக்கிப் போய், பணிமனையின் கழிவு எண்ணெய் பீப்பாயில் கவிழ்த்தார். வெண்ணெய் போயிற்று, நெய் போயிற்று. பாலில் ஆடை எடுத்தால் போதாது, பாலே வேண்டாம் என்றார். முட்டையின் மஞ்சள் கரு போயிற்று. வறுத்த கடலை போயிற்று. மீனிலும் எண்ணெய் உண்டாமே என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து மீனையும் நிறுத்தினார். மிஞ்சியது சோறு, வேகவைத்த காய், வேகவைத்த கீரை.

மனைவி அடுத்த தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். காலர் வைப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கடையில் ஆளில்லை. அளவெடுக்க வரும் தலைமை ஆசிரியர்கள் நடப்பது, பேசுவது, மூக்கைச் சுருக்குவது எல்லாவற்றையும் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவாள். கிரீஸ்காரர் பாயில் புரண்டு சிரிப்பார். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது அவள் பட்ட பயம் அவருடைய பயத்தைவிடப் பெரிது. அதனால் எண்ணெய் டப்பா வெளியேறியபோது ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வெங்காயத்தைத் தண்ணீரில் வதக்கக் கற்றுக்கொண்டாள். எப்போதாவது சட்டியில் பிடித்துக் கருகினால், அதைத் தனக்கு எடுத்துக்கொண்டு நல்லதை அவருக்கு வைத்தாள்.

தனக்கென்று தனியாக ஏதாவது செய்து சாப்பிடலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லையா? தோன்றாது. எந்த வீட்டிலும் பெண்ணுக்கு அது தோன்றாதபடிதான் வளர்த்து வைத்திருக்கிறோம். நோய் அவருக்கு, பத்தியம் வீட்டுக்கு. ஒருவேளை அவளுக்கு நோய் வந்திருந்தால், அவள் மட்டும் கஞ்சி குடித்திருப்பாள், மற்றவர்களுக்கு வழக்கம்போலப் பொரித்து வைத்திருப்பாள். இதை யாரும் ஓரவஞ்சனை என்று சொல்வதில்லை, குடும்பம் என்கிறார்கள்.

மகள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். படிப்பு முடிந்து வெளியூரில் வேலை கிடைத்ததும், "இதுக்கு ஹாஸ்டல் சாப்பாடே தேவலைம்மா" என்று அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். பிறகு வீட்டில் இரண்டே பேர்தான்.

கிரீஸ்காரர் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தார் என்பதை அவரே சரியாகச் சொல்ல மாட்டார். ஒரு மழை நாள், குழியில் தண்ணீர் தேங்கி வேலை நின்றிருந்தது. கேன்டீனிலிருந்து வடை பொரிக்கிற வாசனை வந்தது. டீக்குத்தானே போகிறோம் என்று போனார். கேன்டீன் மாஸ்டர் பழைய சிநேகிதர், எதற்கும் நாக்கு அடங்காதவர். தட்டை நீட்டி, "டாக்டர் வீட்டுச் சாப்பாட்டைத்தானண்ணே குறைக்கச் சொன்னாரு, நம்ம கேன்டீன் பேரை எடுத்தாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கிரீஸ்காரரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மொறுமொறு என்றது. மாதக்கணக்கில் வாய்க்குள் சத்தம் கேட்காமல் இருந்த மனிதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாலை டீயோடு நாலு. வீட்டுக்குக் கிளம்புமுன் வாயைக் கொப்பளித்துவிடுவார். கையில் கிரீஸ் வாடையும் சோப்பு வாடையும் எப்போதும் இருக்கும் என்பதால் வேறு வாடை எதுவும் தெரியாது.

இது ஒரு புறம். மறுபுறம், வீட்டில் அவருடைய கெடுபிடி கூடியது. குற்றம் செய்கிறவனுக்கு வரும் கண்டிப்பு அது. சமையலறைக்குள் நுழைந்து சட்டியை விரலால் வழித்துப் பார்ப்பார், மூட்டில் பழைய கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து, பிசுக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தட்டின் முன் உட்காருவார்.

ஆண்டுகள் சில போயின. மனைவி மாறிக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் மாறியிருந்தால் அவருக்கே பளிச்சென்று தெரிந்திருக்கும். கைகால் தோல் செதில் செதிலாக உரிந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. கடையில் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அப்படியே தைத்தாள். சாயங்கால வேலைக்கு வரவேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கடைக்குத் தலைமை ஆசிரியர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அவள் நடிப்பில் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் வந்து சுவிட்சைத் தட்டினால், இப்போதுதான் எழுந்தவள்போல விழிப்பாள். பொழுது சாய்ந்தால் நிலைப்படியில் இடித்துக்கொள்வாள், தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவாள்.

அவர் என்ன நினைத்தார்? வயசாகிறது என்று நினைத்தார். மகளைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்தார். சில நாள், சோம்பல் என்றே நினைத்தார். மனச்சோர்வு என்பது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு வருவது என்று நம்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஒருநாள் தட்டை வைக்க நேரமானதும், பின்னால் நினைத்து நினைத்துக் குறுகிப்போகப் போகிற அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எனக்கு வந்தது நெஞ்சு வலி. உனக்கு என்ன வந்துச்சு, மூஞ்சி வலியா?"

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். முன்பு என்றால் இதற்கு ஒன்பது பதில் வைத்திருப்பாள்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் முழுசாகப் போகாத நேரம், கொடியில் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள், இறங்கும்போது படியில்லாத இடத்தில் படி இருக்கிறதென்று கால் வைத்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. மகள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். எலும்பு பார்த்த மருத்துவர் கட்டுப் போட்டதோடு நிற்காமல், அந்த வெளிச்சத்தில் எப்படிப் படி தெரியாமல் போயிற்று என்று கேட்டு, இன்னொரு மருத்துவரிடம் அனுப்பி வைத்தார். அவர் நரை விழுந்த பெண்மணி. கண்ணைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்த முடிவு வந்த பிறகு, இத்தனை ஆண்டில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"வீட்ல என்னம்மா சாப்பிடுறீங்க?"

மனைவி சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். மனைவி சொன்ன கணக்கைக் கேட்டுக்கொண்டார். பிறகு கிரீஸ்காரர் பக்கம் திரும்பி, நீங்களும் இதே சாப்பாடுதானா என்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒரு சொட்டு தொட மாட்டாருங்க டாக்டர்."

மருத்துவர் அவரை மேலும் கீழும் பார்த்து, தொப்பை வேற மாதிரி சொல்லுதே என்றார். அது வாயுங்க, என்றாள் மனைவி. மகள் சிரித்தாள், மருத்துவரும் சிரித்தார். கிரீஸ்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்பது அவருக்கே தெரியாது. அந்த அறையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்காலி இருந்தது, கேட்க ஆள் இருந்தது, நேரமும் இருந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சில சத்துகள் கொழுப்பில்தான் கரையும். தட்டு நிறையக் கீரையும் கேரட்டும் சாப்பிட்டாலும், கூடவே கொஞ்சமாவது எண்ணெய் இல்லாவிட்டால் அதிலிருக்கும் கண்ணுக்கான சத்து உடம்பில் சரியாகச் சேராது. பால், மீன், மஞ்சள் கரு என்று அந்தச் சத்து நேராகக் கிடைக்கிற வழிகளையும் நீங்கள் அடைத்துவிட்டீர்கள். தோலுக்கு வேண்டிய சில கொழுப்புகளை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். மூளையில் தண்ணீர் போக மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். மனச்சோர்வுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அதற்குப் பல காரணம் இருக்கும், ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் வாடிப்போன உடம்புக்குள் மனம் மட்டும் எப்படித் துள்ளும் என்றார். இதயத்துக்குக் கெடுதல் கெட்டிக் கொழுப்பும், திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்ததும். அதை விடணும். நல்ல எண்ணெய் கொஞ்சம், கடலை ஒரு கைப்பிடி, மீன், இதெல்லாம் இதயக்காரருக்கும் வேண்டியதுதான். குறைக்கச் சொன்னால் ஒழித்துவிடுவதா என்றார்.

அதாவது, வீட்டில் அவர் ஒழித்தது வேண்டியதை. கேன்டீனில் அவர் தின்றது வேண்டாததை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் செய்திருந்தார்.

வெளியே வந்ததும் மகள் தாங்க மாட்டாமல் பேசிவிட்டாள். "உங்களுக்காகத்தானப்பா அம்மா இப்படி ஆனாங்க. ஒரு நாளாவது அவங்க மூஞ்சியைப் பார்த்தீங்களா?" மனைவிதான் அவளை அடக்கினாள். அப்பாவே பாவம் எத்தனை வருஷமா நாக்கைக் கட்டிக்கிட்டு இருக்காரு, அவரை ஏண்டி என்றாள். கிரீஸ்காரர் ஆட்டோ பிடிக்கப் போகிறவர்போலச் சாலைப் பக்கம் நடந்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்தார். குழிக்குள் நின்று, மேலே ஓடும் எஞ்சின் சத்தத்தில், சொல்ல வேண்டியதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கை கழுவப் போய்விடுவார். அவள் மாத்திரையும் மீனும் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். மகள் விடுப்பெடுத்துக்கொண்டு சமைத்தாள். தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்.

கேன்டீன் மாஸ்டர் தள்ளிப்போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நோயாளியைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

"அண்ணி, நீங்க சீக்கிரம் எந்திரிச்சு வாங்க. இவரு ஒரு வாரமா கேன்டீன் பக்கமே வரலை. இவருக்குன்னு எடுத்து வெச்ச நாலு வடையும் இத்தனை வருஷத்துல முதல் தடவையா மிஞ்சிப்போச்சு."

சமையலறையில் மகள் கரண்டியை நிறுத்தினாள். மாஸ்டருக்கு ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது. டீயை முழுசாகக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

கிரீஸ்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். தட்டை வீசுவாள் என்றுகூட எதிர்பார்த்தார், வீசினால் நல்லது என்றிருந்தது. மனைவி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர், "ம்" என்றார்.

"எனக்கும் ரெண்டு கொண்டு வந்திருக்கலாம்."

அவள் ஆரஞ்சுப் பழத்தை ஒற்றைக் கையால் எடுத்துத் தட்டில் வைத்தாள். மகள்தான் சமையலறையில் அழுதாள்.

சில வாரங்களில் மாலை வெளிச்சத்தில் கண் தெரியத் தொடங்கியது. தோல் ஆறியது. மனதுக்கென்று தனியாக மருந்தும் கொடுத்தார்கள், மெல்ல மெல்லத் தேறினாள். கட்டுப் பிரித்த பிறகு தையல் கடைக்குத் திரும்பினாள். காலர் நேராக விழுந்தது. எண்ணெயால் தேறினாளா, மருந்தால் தேறினாளா, இனி யாருக்காகவும் பத்தியம் இருக்க வேண்டாம் என்ற விடுதலையால் தேறினாளா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கிரீஸ்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, கேன்டீன் சட்டியை முதலில் மாற்றுங்கள் என்று கத்தினார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. நிர்வாகம் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் சாப்பாட்டைப் பற்றி அவர் இப்போது வாயே திறப்பதில்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார். அவளும் மரியாதையாகத்தான் இருக்கிறாள். மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், துணி மடித்து வைக்கிறாள். திட்டுவதில்லை. நாலு வார்த்தை திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று அவர் காத்திருக்கிறார். அவள் அந்த வாய்ப்பைத் தருவதாக இல்லை.

அவருக்கு விடுமுறையான ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். முட்டை இருந்தது, மஞ்சள் கருவோடு. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வந்தது.

"முதல் நாள் தின்னப்பவே உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே நானும் சாப்பிட்டிருப்பேன்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் தட்டில் கை வைத்தபடி, அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.